ஒரு முழக் கம்பி

கோட்லாந்து தீவில் ஜூலை.
சுண்ணாம்புக் கல்வெளி வெயிலில்
பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது.

என் வேலை எண்ணுவது.
அப்போலோ என்று பெயர். வெள்ளை இறக்கை,
ஓரம் மட்டும் எண்ணெய் பட்ட காகிதம்.
பின்னிறக்கையில் சிவப்பு வட்டங்கள்,
தப்பான கணக்கைப் பள்ளிக்கூடத்தில் சுழித்ததுபோல்.

இந்த இனத்து ஆணுக்குக் காதலிக்கத் தெரியாது.
மற்றவை ஆடும், வாசனைத் தூள் தூவும்,
முன்னும் பின்னும் பறந்து கெஞ்சும்.
இவன் ரோந்து போவான், அவ்வளவுதான்.
புல்லின் காலடியில் இப்போதுதான் வெளிவந்து
ஈரம் காயாமல்
கசங்கிய கைக்குட்டையாய்த் தொங்கும் ஒருத்தியைக் கண்டால்
மேலிருந்து விழுவான்.

பிறகுதான் அவனுடைய பாடெல்லாம்.
மணிக்கணக்கில் அவளோடு ஒட்டிக் கிடந்து
தன் உடம்பிலிருந்தே மெழுகு வார்த்து
அவள் வயிற்றடியில் ஒரு சின்னத் தோணி கட்டுவான்.
முதலில் பசை, அப்புறம் தோல், அப்புறம் கொம்பு.
அடுத்தவன் வந்தால் கதவு சாத்தியிருக்கும்.
சாவி யாரிடமும் இல்லை.
அப்படியொன்று செய்யப்படவே இல்லை.

என் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் உண்டு:
முத்திரை, ஆம் அல்லது இல்லை.
விவாகரத்துத் தாளிலும் இப்படித்தான் கட்டங்கள் இருந்தன.
சரி, அதை விடுங்கள்.

புதன்கிழமை, பன்னிரண்டே முக்கால்.
குவாரியின் வெடிக்கம்பி போகும் வழியில்
கல்லிடுக்கில் இருவர்,
வால் வாலோடு பிணைந்து.
ஒரு மணிக்கு வெடி.

ஆல்கோட் வந்தார், ஆரஞ்சுச் சட்டையில்.
"எழுந்திரு, யோர்டிஸ்."
"முதலில் இவர்களை எழுப்பு."

குனிந்து பார்த்தார்.
இருபது வருடமாய்ப் பாறை பிளக்கிறவர்.
"எவ்வளவு நேரம் ஆகும்?"
பல் டாக்டரிடம் கேட்கிற குரலில்.
"மூன்று மணி நேரம். நாலாகவும் ஆகலாம்."
"அடேயப்பா" என்றார்.
பொறாமையா அனுதாபமா, தெரியவில்லை.

போனை எடுத்தார்:
"கம்பியில் எங்கோ கோளாறு. தேடிக்கொண்டிருக்கிறேன்."
தேடாமல் உட்கார்ந்தார்.
ரொட்டியைப் பிட்டுப் பாதியை நீட்டினார்.
மேலே மீன்முட்டைப் பசை, ட்யூபிலிருந்து பிதுக்கிய கோடு.
எனக்கு அது ஆகவே ஆகாது.
தின்றேன்.

அதிகம் பேசவில்லை.
அவர் ஒருமுறை எறும்பைத் தள்ளிவிட்டார்.
நான் ஒருமுறை நிழலை நகர்த்தி உட்கார்ந்தேன்,
அவர்களுக்கு வெயில் வேண்டுமே என்று.

நாலேகாலுக்கு அவன் கழன்று பறந்தான்.
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை,
பார்க்கும் வழக்கமும் அந்தக் குலத்தில் இல்லை.
அவளைப் பிடித்தேன், எண் எழுத.
விரித்தாள், சிவப்பைக் காட்டினாள்,
கால்களை உரசிச் சீறினாள்:
பற்றாமல் போன தீக்குச்சியின் சத்தம்.
தூக்கிவாரிப் போட்டது ஆல்கோட்டுக்கு,
வெடி வைக்கிற மனிதருக்கு.

எழுபத்து மூன்று. முத்திரை, ஆம்.
ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் வெடித்தார்கள்.
தூசி அடங்கும் வரை
வெள்ளை எது, வெள்ளை எது என்று தெரியவில்லை.

நாலாம் நாள் அவளைப் பார்த்தேன், அதே எண்.
புழு தின்னும் செடி பக்கத்திலேயே இருக்க,
சுருட்டாமல் கிடந்த மஞ்சள் கம்பியின்மேல்
ஒரே ஒரு முட்டை வைத்துவிட்டுப் போனாள்,
கடையில் குடையை மறந்துவிட்டுப் போகிறவள் மாதிரி.
பனிக்காலம் முழுக்க அது அங்கேதான் கிடக்க வேண்டும்.

ஆல்கோட் இடுக்கியைத் தேடி எடுத்தார்.
இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு.
குவாரிக் கணக்கில் எழுதினார்:
கம்பி, ஒரு முழம், சேதம்.

என் படிவத்தில் கம்பிக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் நெருக்கி எழுதினேன்.

திங்கட்கிழமை மறுபடி ரொட்டி கொண்டுவந்தார்.
அதே ரொட்டி, அதே காகிதச் சுருள்.
என் பாதியில் மட்டும்
பசை இல்லை.